அடுப்படிக்கும் விடியட்டும்!

பொம்மையார்பாளையம் சென்றிருந்தேன், தோழர்களே! கூட்டம் முடிந்து, கொடித்தோரணம் இறங்கி, ஒலிபெருக்கி ஓய்ந்து, இரவு பத்து மணியைத் தாண்டிய நேரம். "கடலோரம் வந்துவிட்டுக் கை நனைக்காமல் போவதா?" என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றார் கிளைத் தோழர். மீனவர் வீடு. ஒருபுறம் கடல், கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. மறுபுறம் கிழக்குக் கடற்கரைச் சாலை, இரைந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலே, உழைப்பை நம்பி வாழும் ஒரு குடும்பம்.

வாசலிலே ஒரு விளக்கு. அடேயப்பா, நிலவு தோற்றது! கூடத்திலே ஒரு விளக்கு. தலைவர் படம் பளிச்சென்று தெரிந்தது. நாட்காட்டியிலே தேதி தெரிந்தது. தோழரின் முகத்திலே மகிழ்ச்சி தெரிந்தது. உழைப்பவன் வீட்டிலும் ஒளி வந்துவிட்டதே என்று உள்ளம் பூரித்தேன். தண்ணீர் கேட்கலாமென்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பூரிப்பு அங்கேயே அணைந்தது.

கரிபிடித்த நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று அங்கே மஞ்சளாய் அழுதுகொண்டிருந்தது. அதன் கீழே, அருவாமனையின் முன்னால் குனிந்து, சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார் அண்ணி. பல்பு அவர் முதுகுக்குப் பின்னால். அவர் நிழல் மீனின் மேல். செதில் எது, விரல் எது என்று கண்ணும் அறியாது, கத்தியும் அறியாது. இடக்கைப் பெருவிரலிலே துணி சுற்றியிருந்தது.

"என்ன அண்ணி, கையிலே கட்டு?"

"அது ஒண்ணுமில்ல தம்பி. நேத்து அருவாமனை பட்டுடுச்சு. கண்ணு மங்கிப்போச்சு. கண்ணாடி போடணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

கண் மங்கிற்றா, விளக்கு மங்கிற்றா? அதைச் சோதித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? பகுத்தறிவு பேசுகிறவன் அல்லவா நான்! சுவிட்சை அணைக்கச் சொன்னேன். முக்காலி போட்டு ஏறினேன். வாசலிலே இருந்த ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து அடுப்படியிலே மாட்டினேன். சுவிட்சைத் தட்டினார் அண்ணி.

"அடடே! சுவத்துல இவ்ளோ கரியா?" என்றார். அடுத்த நொடி குனிந்து பார்த்தார். ஆய்ந்து முடித்தாயிற்று என்று ஒதுக்கி வைத்த மீனிலே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த செதில்களைப் பார்த்தார். பிறகு கையிலே இருந்த துணிக்கட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

பேசியவர் நம் தோழர்தான். கூடத்திலிருந்து குரல் வந்தது: "என்ன தம்பி, வாசல் இருட்டாப் போச்சே!"

அந்த ஒரு வாக்கியம் என்னை ஊர் திரும்பும்வரை விடவில்லை. வாசல் இருண்டது உடனே தெரிந்தது. அடுப்படி இத்தனை ஆண்டுகள் இருண்டு கிடந்தது தெரியவில்லை! தோழர் கெட்டவரா? இல்லை. இயக்கத்துக்கு உழைத்தவர், மனைவியை அன்போடு நடத்துகிறவர். ஆனால் நம் வீடுகளிலே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. கூடத்துக்கு வெளிச்சம், அடுப்படிக்கு மிச்சம்! புதிய விளக்கு வாங்கினால் வாசலுக்கு. அங்கே பழையதாகிப்போனால் கூடத்துக்கு. இன்னும் மங்கினால், 'தூக்கிப் போடுவானேன், அடுப்படியிலே மாட்டு!'

1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலே, பெண்ணுக்கும் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அறுபது ஆண்டு கழித்து, 1989-இலே, தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான்! ஆனால் நிலத்திலே பங்கு கொடுத்த கை, வெளிச்சத்திலே பங்கு கொடுக்கத் தயங்கலாமா? தெருவுக்குத் தெரு படிப்பகம் திறந்து, பத்திரிகை படிக்க விளக்கு வைத்தோமே, அரிசியிலே கல் பொறுக்குகிறவளுக்கு விளக்கு வைத்தோமா?

அந்த அடுப்படியிலே வேலை எப்போது நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். மீன்கூடை தூக்கிப் புதுவைச் சந்தைக்குப் போகிற பெண், விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறாள். கதிரவன் வருமுன்னே சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, கூடையோடு புறப்படுகிறாள். சந்தை முடிந்து திரும்பி, பொழுது சாய்ந்த பிறகு மறுபடி அடுப்பு. காலையிலே மூன்று மணி நேரம், மாலையிலே மூன்று மணி நேரம், ஆக நாளைக்கு ஆறு மணி நேரம் அவளுக்குச் சூரியன் அந்தப் பல்புதான். கொதிக்கிற எண்ணெயும், கூரான அருவாமனையும், எரிகிற நெருப்பும் இருக்கிற இடம் வீட்டிலேயே அது ஒன்றுதான். ஆபத்து அதிகமான இடத்துக்கு ஆகக் குறைந்த வெளிச்சம்! எந்த ஆலையிலாவது தொழிலாளி இதை ஒப்புவானா? ஒப்பினால் தொழிற்சங்கம்தான் விடுமா?

"சிக்கனம் பார்க்க வேண்டாமா? கரண்டு பில் ஏறாதா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். சிக்கனத்தைப் பற்றியே பேசுவோம். கணக்குப் போட்டே பேசுவோம்.

நாற்பது வாட் குண்டு பல்பு, நாளைக்கு ஆறு மணி நேரம், அறுபது நாள் எரிந்தால் 14.4 யூனிட். 2016-இலே, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி என்ற ஏற்பாடு வந்ததே, அந்த நூறிலே ஏழில் ஒரு பங்கை இந்த ஒற்றைப் பல்பே விழுங்கிவிடுகிறது! விழுங்கியதற்கு என்ன தருகிறது? ஏறத்தாழ 400 லூமென் வெளிச்சம். லூமென் என்பது வெளிச்சத்தை அளக்கும் படி. அரிசிக்குப் படி போல, ஒளிக்கு லூமென். அது இழுக்கும் மின்சாரத்திலே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே போகிறது. சொல்லப்போனால் அது விளக்கே அல்ல, விளக்கு வேடம் போட்டு வந்த இன்னொரு அடுப்பு!

ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு, அதே ஆறு மணி நேரம், அதே அறுபது நாள் எரிந்தால் 3.24 யூனிட்தான். வெளிச்சமோ ஏறத்தாழ 900 லூமென். ஒன்றுக்கு இரண்டாகவே மாட்டுங்களேன்! 6.48 யூனிட்தான் ஆகும். பழைய பல்பு தின்றதிலே பாதிகூட இல்லை. வெளிச்சமோ நான்கு மடங்குக்கு மேல். அடுப்படியை இருட்டிலே வைப்பது சிக்கனம் என்றவர்கள் எங்கே? இருட்டுத்தான் ஊதாரித்தனம், தோழர்களே, வெளிச்சம்தான் சிக்கனம்!

'ஜீரோ வாட்' என்று ஒரு சின்னப் பல்பு உண்டல்லவா? இரவெல்லாம் எரிந்தாலும் செலவே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பெயர்தான் ஜீரோ, இழுப்பது 12 முதல் 15 வாட் வரை! அடுப்படியிலே எல்.இ.டி. விளக்கு ஒளிவெள்ளம் பாய்ச்ச ஒன்பது வாட் போதும் என்கிறபோது, மூலையிலே மினுக்க மட்டும் இதற்குப் பதினைந்து வாட். பெயரை நம்பி ஏமாறுவது அரசியலிலே மட்டும் நடப்பதல்ல!

இந்த எல்.இ.டி. எப்படி வந்தது? உழைப்பாளர்கள் அறிய வேண்டிய கதை அது. சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. 1962-இலேயே வந்துவிட்டது. பச்சையும் வந்தது. நீலம் மட்டும் முப்பது ஆண்டுக் காலம் வர மறுத்தது. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி இல்லை. நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைத் தடவித்தான் இன்றைய வெள்ளை விளக்கைச் செய்கிறார்கள். ஜப்பானிலே அகாசாகி, அமானோ என்ற இருவர் பல்கலைக்கழகத்திலே பாடுபட்டார்கள். மூன்றாமவர் நகாமுரா, ஷிகோகு தீவிலே ஒரு கம்பெனியின் ஊழியர். 1993-இலே பிரகாசமான நீல விளக்கைக் கொண்டுவந்தார். உலகத்தின் இருட்டை விரட்டிய அந்தக் கண்டுபிடிப்புக்கு அவருக்குக் கிடைத்த வெகுமதி என்ன தெரியுமா? 20,000 யென்! கோடிகள் கம்பெனிக்கு, சில்லறை கண்டுபிடித்தவனுக்கு! அவர் சும்மா இருக்கவில்லை, வழக்குத் தொடுத்தார். 2005-இலே ஏறத்தாழ 84 கோடி யென் பெற்றுக்கொண்டு சமரசமானார். 2014-இலே மூவருக்கும் பௌதிகத்திலே நோபெல் பரிசு வந்தது. ஒளியைக் கண்டவனும் உரிமைக்குப் போராடித்தான் பெற்றான் என்பதை, விளக்கைத் தட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைக்குப் போகிறோம். எதைப் பார்த்து வாங்குவது? கடைக்காரர் நீட்டியதை வாங்கி வருவதற்கு நாம் என்ன ஆட்டு மந்தையா? அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் அதிலே அச்சிட்டிருக்கிறது.

முதலாவது, வாட்டைப் பார்க்காதீர்கள், லூமெனைப் பாருங்கள். வாட் என்பது விளக்கு தின்பது. லூமென் என்பது அது நமக்குத் தருவது. ஆளை அவன் தின்பதைக் கொண்டா மதிப்பிடுவோம்? உழைப்பைக் கொண்டல்லவா மதிப்பிடுவோம்! எட்டடிக்கு எட்டடி அடுப்படி என்றால் ஏறத்தாழ ஆறு சதுர மீட்டர். 1,800 முதல் 2,000 லூமென் வரை இருந்தால் நன்றாகக் கண் தெரியும். ஒன்பது வாட் பல்பு இரண்டு, அல்லது இருபது வாட் நீள விளக்கு ஒன்று போதும். கரிபிடித்த சுவர் வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஒரு கோட் வெள்ளையடித்தால் அதே விளக்கு இன்னும் அதிகம் தரும்.

இரண்டாவது, நிறம். 2,700, 4,000, 6,500 என்று எண்ணும் பக்கத்திலே 'கே' என்ற எழுத்தும் இருக்கும். 2,700 என்றால் மஞ்சள். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 4,000 இரண்டுக்கும் நடு. அடுப்படிக்கு 4,000 நல்லது. கிடைக்காவிட்டால் 6,500 வாங்கலாம். அதோடு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். பொருளின் நிறம் உள்ளபடி தெரிகிறதா என்று சொல்வது அது. 80-க்குக் குறையக் கூடாது. 90 கிடைத்தால் மேல். மீனவர் வீட்டுக்கு இது ஏன் முக்கியம் என்று நான் சொல்லவா வேண்டும்? செவுளின் சிவப்பைப் பார்த்துத்தானே மீன் புதிதா பழையதா என்கிறோம். நிறம் காட்டாத விளக்கின் கீழே நல்ல மீனும் கெட்டதாகத் தெரியும். கெட்டதும் நல்லதாகத் தெரியும்.

மூன்றாவது, முத்திரை. ஐ.எஸ். 16102 என்ற தர எண் இருக்கிறதா, 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எல்.இ.டி. பல்புக்கு நட்சத்திர முத்திரை 2018 முதல் கட்டாயம். நட்சத்திரம் கூடக் கூட அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் குறையும். நடைபாதையிலே முப்பது ரூபாய்க்குப் பெயரில்லாப் பல்பு கிடைக்கிறது என்று ஓடாதீர்கள். கடலோரத்திலே மின்னழுத்தம் ஏறும், இறங்கும். அதைத் தாங்கும் பாதுகாப்பு உள்ளே இல்லாத பல்பு, அடுத்த அமாவாசையைப் பார்க்காது. எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியிலே போட்டிருக்கும். அகலமாய்த் தாங்குவதை எடுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். பில்லை வாங்குங்கள்; வாங்கிய பில்லை அஞ்சறைப் பெட்டியிலே வையுங்கள்!

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியம், இடம். ஆயிரம் லூமென் வாங்கி அதை முதுகுக்குப் பின்னால் மாட்டினால் என்ன பயன்? நிழல்தான் பெரிதாகும். சமைப்பவர் நிற்கிற இடத்துக்கு முன்னால், கை வேலை செய்கிற மேடைக்கு மேலே விளக்கு வர வேண்டும். பரணுக்கு அடியிலே பத்து வாட் நீள விளக்கு ஒன்றைப் பொருத்தினால் போதும். ஆனால் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். எல்.இ.டி.க்கு எமன் வெப்பம். ஆவியும் எண்ணெய்ப் புகையும் நேராக ஏறினால் ஆயுள் பாதியிலே போகும். பக்கத்திலே தள்ளி மாட்டுங்கள். மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் அடைக்காதீர்கள். மாதம் ஒரு முறை, அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். துடைப்பது ஆண் கையாக இருந்தால் ஆண்மை ஒன்றும் குறைந்துவிடாது!

டியூப் லைட் இருக்கிற வீடுகளுக்கு ஒரு சொல். பழைய நாலடிக் குழாயும் அதன் சோக்கும் சேர்ந்து ஏறத்தாழ 50 வாட் இழுக்கும். அதே வெளிச்சத்தை எல்.இ.டி. நீள விளக்கு 20 வாட்டிலே தரும். பழைய பட்டியிலேயே புதிய குழாயைச் செருகிப் பார்க்காதீர்கள். சோக்கை நீக்கி, வயரை மாற்ற வேண்டியிருக்கும். தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பட்டியோடு முழு விளக்காக வாங்குங்கள். கழற்றிய குழாயையும், சுருள் பல்பையும் குப்பைமேட்டிலே உடைக்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. கொடைக்கானலில் வெப்பமானி ஆலை விட்டுச் சென்ற பாதரசத்தின் கொடுமையை 2001 முதல் இந்த நாடு பேசிக்கொண்டிருக்கிறது. அந்த நஞ்சைக் குழந்தைகள் விளையாடும் மணலிலே கொட்டலாமா? உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்துவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள். பிறகு துடைப்பத்தாலே பெருக்காமல், தடித்த அட்டையால் அள்ளி, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவிலே போட்டு மின்கழிவு வாங்குமிடத்திலே கொடுங்கள். இந்தக் குழாய்களை 2027-க்குள் உலகத்திலே செய்வதையே நிறுத்துவதென்று 2023-இலே நாடுகள் கூடி முடிவு செய்துவிட்டன.

இன்னும் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை ஏறியதை யார் மறக்க முடியும்? மயிலத்திலே ஒரே நாளிலே 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மின்சாரம் போன இருட்டிலே, குழந்தைக்குப் பால் காய்ச்ச மெழுகுவத்தியைத் தேடிய தாய்மார் எத்தனை பேர்! பேட்டரி உள்ள எல்.இ.டி. பல்பு என்று இப்போது விற்கிறது. சாதாரண ஹோல்டரிலேயே மாட்டலாம். மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் எரியும். பேட்டரி ஓரிரு ஆண்டிலே தளரும்; உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் புயல் வாயிலே வாழும் ஊருக்கு, வீட்டுக்கு ஒன்று வேண்டும். அந்த ஒன்று இருக்க வேண்டிய இடம் அடுப்படி.

"எல்லாம் சரி, காசு?" என்கிறீர்கள். காசைப் பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. 2014-இலே அரசு நிறுவனம் எல்.இ.டி. பல்பைக் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். 2016-இலே அதே விலை 38 ரூபாய்! எப்படி விழுந்தது? ஒருவர் ஒன்று வாங்கவில்லை. கோடிக்கணக்கிலே சேர்ந்து வாங்கினார்கள். கூட்டு சேர்ந்தால் விலை குனிகிறது. தனியே போனால் நாம் குனிகிறோம். தொழிற்சங்கத்திலே படித்த பாடம்தானே இது? பல்புக்கு மட்டும் பொருந்தாதா?

ஆகவே கிளைத் தோழர்களுக்கு என் வேண்டுகோள். படிப்பகத்திலே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தெருவிலே எத்தனை அடுப்படி, எந்த அடுப்படியிலே என்ன விளக்கு, நிழல் எங்கே விழுகிறது என்று எழுதுங்கள். கூடத்திலே உட்கார்ந்து கேட்காதீர்கள். அடுப்படியிலே இருப்பவரைக் கேளுங்கள். இருபது வீட்டுக்குச் சேர்த்து, முத்திரை பார்த்து, பில்லோடு, மொத்தமாக வாங்குங்கள். வயர் வேலை தெரிந்த தோழர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கட்டும். கொடி கட்ட ஏணி ஏறுகிற நம் கால்கள், விளக்கு மாட்ட முக்காலி ஏறாதா?

பொம்மையார்பாளையத்துக்குப் பக்கத்திலேயே ஆரோவில். அங்கே பொதுச் சமையற்கூடத்தின் கூரையிலே 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் கவிழாமல் வானம் பார்த்து நிற்கிறது. சூரிய வெப்பத்தைப் பிடித்து, நீராவியாக்கி, ஆயிரம் பேருக்குச் சமைக்க உதவவென்று கட்டிய கிண்ணம் அது. சூரியனையே அடுப்புக்கு இறக்கிக் கொண்டுவர முடிந்த மண்ணிலே, கூப்பிடு தூரத்திலே, ஒரு தாய் தன் விரலைத் தானே அறுத்துக்கொள்கிற இருட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலே உள்ள தூரம் சில கல் அல்ல. நம் அக்கறையின் குறை.

அன்றிரவு புறப்படும்போது, வாசல் விளக்கைத் திரும்பக் கழற்றி மாட்டட்டுமா என்று கேட்டேன். தோழர் அடுப்படியைப் பார்த்தார். அண்ணியின் விரலைப் பார்த்தார். "வேணாம் தம்பி, அங்கேயே இருக்கட்டும். வாசலுக்கு நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்றார்.

கண் மங்கியிருந்தால் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கண்ணாடியும் தேவைப்படலாம், கூடுதல் வெளிச்சமும் தேவை. ஆனால் அதற்கு முன், தோழர்களே, இன்றிரவு உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய், அவர் நிற்கிற இடத்திலே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு நாளைக் காலை எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விடியல் வருகிறது என்று மேடை தோறும் முழங்குகிறோம். அது முதலில் அடுப்படியிலே விடியட்டும்!